பழவேற்காட்டில் பொறுக்கிய ஏழு சில்லுகள்

கல்விச் சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் வகுப்பில் எழும் ஆரவாரத்தை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் அறிந்திருக்கமாட்டார்கள். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் அருட்சகோதரிகள் நன்கு அறிவார்கள்! சென்ற மார்கழியில் ஒரு நாள், எங்கள் வரலாற்று ஆசிரியை, "தை மாதம் வரலாற்று மன்றத்தின் சார்பில் உங்களை ஓரிடத்திற்கு அழைத்துச் செல்லப் போகிறோம்" என்று சொன்னதும் முப்பத்திரண்டு குரல்கள் ஒரே சமயத்தில் ஒலித்தன. "மாமல்லபுரம்!" என்றனர் சிலர். "தஞ்சாவூர்!" என்றனர் சிலர். ஆசிரியை புன்னகையோடு, "பழவேற்காடு" என்றார். ஆரவாரம் அப்படியே அடங்கிவிட்டது.

பழவேற்காட்டில் என்ன இருக்கிறது? பல்லவர் சிற்பம் உண்டா? சோழர் கோபுரம் உண்டா? மீனும் நண்டும் விற்கும் ஊர் என்பதுதான் நாங்கள் அறிந்தது. அதுவும் எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தியால் அறிந்தது. அவள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். விடுமுறை முடிந்து அவள் திரும்பும்போதெல்லாம் அவளுடைய பையில் கருவாட்டு மணம் வீசும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரை இங்கு எழுத எங்களுக்கு இப்போது துணிவில்லை. அவள் ஒருநாளும் எங்களைப் பற்றி யாரிடமும் புகார் சொன்னதில்லை. அதனால் அது அவளுக்கு வலிக்கவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

சுற்றுலா அறிவிப்பைக் கேட்ட அன்று மாலை அவள் ஆசிரியையிடம் சென்று, "எனக்குக் காய்ச்சல் வருகிறது போலிருக்கிறது டீச்சர், நான் விடுதியிலேயே இருந்துவிடட்டுமா?" என்று கேட்டாளாம். சுற்றுலாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன! மூன்று வாரம் கழித்து வரப்போகும் காய்ச்சலை இன்றே அறிந்தவளைப் பற்றி நாங்கள் வகுப்பில் சிரித்துச் சிரித்து மகிழ்ந்தோம். தன் ஊரை எங்கள் கண்களுக்கு முன்னால் நிறுத்த அவள் அஞ்சினாள் என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை செபம் முடித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். சென்னை சென்டிரலிலிருந்து பொன்னேரி வரை இரயில், அங்கிருந்து பேருந்து. வழிநெடுக நெல்வயல்கள். பிறகு வயல்கள் குறைந்து, பனைமரங்கள் நிறைந்து, காற்றில் உப்பு ஏறியது. திடீரென்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர்! "கடல்! கடல்!" என்று கூவினோம். "கடல் இல்லை, ஏரி. கடல் அந்தப் பக்கம்" என்று மெல்லச் சொன்னாள் அவள். அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு ஒரு நீண்ட மணல் வேலி போல் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறு வந்து கலக்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, நன்னீரும் உப்புநீரும் கலந்த அந்தக் கழியில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. தொலைவில் பூநாரைகள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வரிசையாய் நின்றிருந்தன. இறைவனின் படைப்பை வியந்து நின்ற எங்களை ஆசிரியை, "வாருங்கள், கோட்டையைப் பார்க்கலாம்" என்று அழைத்தார்.

கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் எண்ணிக்கொண்டு விரைந்தோம். போய்ச் சேர்ந்த இடத்தில் கருவேல முட்புதர் மண்டிய ஒரு மேடுதான் இருந்தது. சுற்றிலும் அகழி இருந்த தடம். ஆங்காங்கே முட்செடிகளுக்கு நடுவே செங்கற்கள். அவ்வளவுதான்! "இதற்காகவா வந்தோம்?" என்று எங்களில் ஒருத்தி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஆசிரியை கோபிக்கவில்லை. எங்களை வேப்பமர நிழலில் உட்காரவைத்துக் கதை சொன்னார். 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுக்கீசியர் இங்கு வந்து தங்கினர். மகிமை மாதா ஆலயம் 1515இல் தோன்றியது என்பது இவ்வூர் மரபு. ஹாலந்து நாட்டினர் 1602இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை அமைத்தனர். 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் உரிமை பெற்று இங்கே ஒரு பண்டகசாலை வைத்தனர். 1612இல் போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, 1613இல், இந்தக் கோட்டை எழுந்தது. ஹாலந்தில் உள்ள கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரால் இதற்குக் 'கெல்டிரியா' என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639இல். அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஐரோப்பியர் கோட்டை நின்றது! இங்கே நாணயம் அடித்தார்கள். வெடிமருந்து செய்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே அவர்களுடைய தலைமையிடமாக இருந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் மீண்டும் இங்கு வந்தது. இறுதியில் 1825இல் பழவேற்காடும் ஆங்கிலேயருக்கே போய்விட்டது. கோட்டையை அதற்கு முன்னரே இடித்துவிட்டார்கள்.

"ஏன் டீச்சர் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று கேட்டோம்.

"துணிக்காக" என்றார். நம் நெசவாளர்கள் நெய்து சாயம் தோய்த்து, வண்ணம் தீட்டிய பருத்தித் துணிக்குக் கீழ்த்திசைத் தீவுகளில் அவ்வளவு மதிப்பு. அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வாங்க வேண்டுமானால் கையில் இந்தத் துணி இருக்க வேண்டும். ஐரோப்பாவின் சமையலறைக்குப் போன மணத்துக்கு நம் தறிதான் விலை கொடுத்தது என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

பிறகு ஆசிரியை ஒரு செங்கல்லைத் தொடாமல் சுட்டிக்காட்டி, "தொல்லியல் என்றால் ஆதிச்சநல்லூரும் அரிக்கமேடும் மட்டும் என்று நினைக்காதீர்கள். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் விட்டுச் சென்றவையும் தொல்லியல்தான். உடைந்த கோப்பை, குப்பைக்குழி, கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு எல்லாமே சாட்சி. ஏட்டை எழுதியவன் தனக்கு வேண்டியதை மட்டும் எழுதுவான். குப்பைக்கு அப்படி ஒளிக்கத் தெரியாது" என்றார். தரையைப் பார்த்து நடக்கும்படியும், எதையும் எடுக்கக்கூடாது என்றும் சொன்னார். இந்த இரண்டாவது சொல்லை எங்களில் சிலர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்து ஹாலந்துக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலிலேயே எங்களுக்கு உடல் சிலிர்த்தது. இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! ஒன்றோடு மணற்கடிகை. மற்றொன்றோடு மண்டை ஓடு. காலம் ஓடுகிறது, சாவு வருகிறது என்று வருவோர்க்கு நினைவூட்டுவதற்காக அவ்வாறு செதுக்கினார்களாம். விபூதிப் புதன் அன்று நம் நெற்றியில் சாம்பல் பூசும்போது நினைவூட்டப்படுவதும் அதுதானே! உள்ளே கருங்கல் பலகைகள். அவற்றில் குடும்பச் சின்னங்கள், பூவேலைகள், வரிவரியாகப் பெயர்கள், பதவிகள், இறந்த நாட்கள். தச்சன் மரத்தில் செதுக்கியது போல் கல்லில் எழுத்து புடைத்து நிற்கிறது. மொழி புரியாவிட்டாலும், தன் ஊரைவிட்டு எத்தனையோ கடல் கடந்து வந்து இந்தக் கழிமுகத்து மண்ணில் உறங்கும் அவர்களை எண்ணி இரக்கப்பட்டோம்.

அப்போது ஆசிரியை, "ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் போனால் பாதிக் கதைதான் சொன்னவளாவேன்" என்று தொடங்கினார். இந்தக் கரையிலிருந்து கப்பலேறியது துணி மட்டும் அன்று. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதும் போர் வந்தபோதும் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் விற்கப்பட்டார்கள். தம்மையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. பெற்ற பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இங்கிருந்து பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள்.

யாரும் பேசவில்லை. சற்று முன் துணியைப் பற்றி நாங்கள் பட்ட பெருமை எங்கேயோ போய்விட்டது. அந்த அமைதியில் எங்கள் தோழியின் குரல் கேட்டது. "அவர்களுடைய கல்லறை எங்கே டீச்சர்?"

ஆசிரியை பதில் சொல்லவில்லை. கருங்கல் பலகைகளைப் பார்த்தார். பிறகு ஏரிப் பக்கம் பார்த்தார். உடன் வந்திருந்த அருட்சகோதரி, "பெயர் எழுதிய கல் உள்ளவர்களுக்கும், கல்லே இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் செபிப்போம்" என்றார். வெயிலில் முழந்தாளிட்டு ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம். அன்று எங்களில் ஒருவருக்கும் கவனம் சிதறவில்லை.

பகலுணவுக்கு எங்கள் கட்டுச்சோற்றைப் பிரிக்கப் போகையில், தோழியின் ஆயா எங்களைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார். "எம் பேத்தி கூடப் படிக்கிற புள்ளைங்க ஊருக்கு வந்துட்டு வூட்டுக்கு வராம போவுறதா? சிஸ்டரம்மா, நீங்களே சொல்லுங்க!" என்று உரிமையோடு கேட்டார். தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அருட்சகோதரி படகில் ஏற மட்டும் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, நடந்தே அழைத்துச் சென்றார்.

சிறிய வீடு. பெருக்கித் தெளித்துக் கோலமிட்ட வாசல். பனையோலைக் கூடைகள் பின்னிப் பாதியில் வைத்திருந்தன. வாசற்படிக்குப் பக்கத்தில் பழைய செங்கற்கள் சிலவற்றை அடுக்கி, அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். "அது கோட்டைக் கல்லும்மா. எங்க மாமியாரு காலத்துலேர்ந்து கெடக்குது" என்றார் ஆயா. எங்கள் சோற்றோடு அவர் வைத்த இறால் தொக்கையும் சேர்த்து உண்டோம். கையைக் கழுவவே மனம் வரவில்லை! மூக்கைப் பொத்திய நாங்கள்தான் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினோம்.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலைபோடலாமா என்று கேட்டோம். ஆயா சிரித்தார். "அப்படிப் போட்டா ஒருத்தன் வூட்டுல அடுப்பெரியும், ஒம்போது வூட்டுல எரியாது. அதுக்குத்தான் பாடு இருக்குது" என்றார். ஏரியில் மீன் கிடைக்கும் இடங்களை ஊரார் பங்கிட்டு, எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதற்குத்தான் 'பாடு' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். "ஏரி யாருக்கும் சொந்தமில்ல கண்ணு. மொறைதான் சொந்தம்" என்றார் ஆயா. கோட்டை கட்டி, பீரங்கி வைத்துக் காத்தவர்கள் போய்விட்டார்கள். எழுதிவைத்த சட்டப் புத்தகம் இல்லாத இந்த முறை இன்னும் இருக்கிறது. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இதை ஆசிரியை சொல்லாமலே எழுதிக்கொண்டோம்.

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதப்போவது எளிதன்று.

மாலை பேருந்தில் திரும்பும்போது எங்களில் ஒருத்தி டிபன் பாக்சைத் திறந்து ஒரு சில்லை எடுத்துக் காட்டினாள். வெள்ளைப் பீங்கானில் நீலப்பூ. அகழிக்கரையில் பொறுக்கினாளாம். உடனே மற்றொருத்தி தன் கைக்குட்டையை அவிழ்த்தாள். அதிலும் ஒரு சில்லு. பார்த்தால் ஏழு பேர் ஏழு சில்லுகளை எடுத்து வந்திருக்கிறோம்! எது அழகு என்று ஒப்பிட்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது, முன் இருக்கையிலிருந்து எங்கள் தோழி திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஊர் உங்களுக்கு நாறும். எங்க ஊர்ச் சில்லு மட்டும் வேணுமா?"

உரக்கச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொன்னேரி வந்து சேரும்வரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழு பேர் எடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வி முப்பத்தொரு பேரையும் தைத்தது. ஏனென்றால் பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தவர்கள் ஏழு பேர் மட்டும் அல்லவே!

ஞாயிறு திருப்பலியில் மனம் ஒன்றவில்லை. திங்கள் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஏழு சில்லுகளையும் ஒரு காகிதத்தில் வைத்து ஆசிரியையிடம் நீட்டினோம். நடந்ததையெல்லாம் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வெகுநேரம் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் கொண்டுபோய் அங்கேயே போட்டுவிடுகிறோம் டீச்சர்" என்றோம்.

"போடலாம். ஆனால் அது பழைய இடம் ஆகாது" என்றார். ஒரு சில்லின் மதிப்பு அதன் அழகில் இல்லை. அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில், எந்தப் பொருளோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அது யாருடையது, எப்போது உடைந்தது என்று ஆய்வாளர் அறிவார். இடத்தைவிட்டு எடுத்த சில்லு கிழித்தெடுத்த பக்கம். பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். எந்தப் புத்தகத்திலிருந்து கிழித்தோம் என்பதாவது நினைவிருக்கவேண்டும்.

பிறகு எங்களை உட்காரவைத்து, ஒரு பெரிய தாளில் கோட்டை மேட்டையும் அகழியையும் கரையையும் வரையச் சொன்னார். வேப்பமரம் எங்கே? ஒற்றையடிப் பாதை எங்கே? எங்களுக்குப் பாதி நினைவில்லை. வரையத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளை அழைக்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் அழைத்தோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். பட்டப்பெயருக்கும் சேர்த்துக் கேட்டோம். "சரி விடுங்கடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தாள். ஐந்து நிமிடத்தில் தாளில் பழவேற்காடு வந்துவிட்டது. எந்தப் பக்கம் நீர் ஏறும், எந்தப் பக்கம் மண் அரிக்கும் என்பதைக்கூடக் குறித்தாள். "இந்தச் சில்லு அகழிக்கரையில கெடந்தது இல்லை. பாரு, உப்புத்தண்ணி அரிச்சிருக்கு. ஏரிக்கரை ஓரம் எடுத்திருப்பே" என்று ஒரு சில்லைத் தடவிப் பார்த்தே சொன்னாள். எடுத்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் சொன்னதே சரி!

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். எங்கள் வகுப்பிலேயே மூன்றாண்டுகளாக ஒரு தொல்லியல் ஆய்வாளர் இருந்திருக்கிறாள். நாங்கள் அவளுடைய பையின் மணத்தை மட்டும் அறிந்திருந்தோம்.

ஐந்து சில்லுகளுக்கு இடம் கிடைத்தது. இரண்டுக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு யோசித்தும் அவற்றை எங்கே எடுத்தோம் என்று எடுத்தவர்களால் சொல்ல முடியவில்லை. ஆசிரியை ஐந்தையும் எண்ணிட்டுத் தனித்தனி உறையில் வைத்தார். மற்ற இரண்டு உறைகளிலும் 'இடம் தெரியாது' என்று எழுதச் சொன்னார். எழுதியவளின் கை நடுங்கியது. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் தோழி கேட்ட கேள்வி எங்கள் எல்லோருக்கும் அப்போது நினைவுக்கு வந்தது. எங்கிருந்து வந்தவர்கள், எங்கே போனார்கள் என்று யாரும் எழுதிவைக்காத மனிதர்களும் அப்படித்தானே போயிருக்கிறார்கள்! அலட்சியமாக எடுத்தவர்களுக்கு அது சில நொடி வேலை. இடத்தை இழந்தவர்களுக்கு அது என்றைக்கும் திரும்பாத இழப்பு.

ஏழு உறைகளையும் வரைபடத்தையும், எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தையும் ஆசிரியை தொல்லியல் துறை அலுவலகத்தில் சேர்ப்பித்தார். வரைபடத்தின் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது எங்கள் தோழியின் பெயர். தலைமைச் சகோதரி எங்களுக்குத் தண்டனை ஒன்றும் தரவில்லை. அடுத்த ஆண்டு பழவேற்காட்டுக்குச் செல்லும் மாணவியருக்குப் புறப்படும் முன் நாங்களே இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டிருக்கிறார். அது தண்டனையைவிடக் கடினமானது!

அன்புச் சகோதரிகளே! நம் ஒவ்வொருவருடைய ஊரிலும் ஒரு பழைய மேடு இருக்கும். இடிந்த சத்திரமோ, தூர்ந்த வாய்க்காலோ, எழுத்துத் தேய்ந்த கல்லோ இருக்கும். அதைக் காணச் சென்றால் கண்ணால் காணுங்கள், நோட்டில் வரையுங்கள், கையில் எடுக்காதீர்கள். சுவரில் பெயர் கீறாதீர்கள். அங்கே வாழ்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கல்லைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

எங்கள் தோழி இம்முறை விடுமுறை முடிந்து வந்தபோது பெரிய பொட்டலமாகவே கருவாடு கொண்டுவந்தாள். ஆயா கொடுத்தனுப்பியதாம். "சிஸ்டரம்மாவுக்கும் கொடு" என்றும் சொல்லியனுப்பினாராம். அன்று விடுதிச் சமையலறையில் எழுந்த மணத்தை யாரும் குறை சொல்லவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தோம். முழுவதும் படித்தாள். இரண்டு இடங்களில் திருத்தினாள். ஒன்று எழுத்துப்பிழை. மற்றொன்று, 'கடல்' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில் 'ஏரி' என்று மாற்றினாள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்